மேல்பகுதி தெரியவில்லை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதை நான் கண்டுகொள்வதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, உன் மனைவி எப்படி இருக்கிறாள், பாப்பா ஒழுங்காகப் படிக்கிறாளா என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஸ்கேன் என்று ஆரம்பித்ததுமே "அக்கா, லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன், ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிடுகிறாய். நீ லிஃப்ட் பழுது பார்க்கிறவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்திலுமா லிஃப்ட்டுக்குள் இருப்பாய்? கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா, அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போய் நான்கு வருஷமாகிறது. அம்மாவின் கல்லீரலில் இருந்த கிருமி, நீ பிறக்கும்போதே உனக்கு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை என்று அப்போதே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். என்றைக்காவது கட்டியாகும். வலிக்காது, காய்ச்சல் வராது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்துகொள்ளச் சொன்னார்கள். இதுவரை எட்டுத் தடவை நீ போய்ப் படுத்திருக்க வேண்டும். ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் புதிதாக ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறார். கல்லீரல் கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதற்கு. ஒரே ஆளை நாங்கள் இருவர் தனித்தனியாக ஸ்கேன் எடுக்கிறோம். நான் என்ன எழுதினேன் என்று என்னோடு வேலை செய்கிறவளுக்குத் தெரியாது, அவள் எழுதியது எனக்குத் தெரியாது. முன்பு ஒருவருக்கு ஆறு நிமிஷம். இப்போது இருபது நிமிஷம். என் முக்காலியின் ஒரு சக்கரம் போய்விட்டது, அதற்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

இந்த மாதமே உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. கிருமிக்கான மாத்திரையை விடாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். பாப்பா இரண்டு பாடத்தில் முதல், கணக்கில் மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். உன் முழங்காலுக்குத் தைலம் தேய். அதற்கும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு மோட்டாரை நானும் இன்னொருவனும் ஒன்பதாவது மாடிக்கு ஏற்றினோம். நடுவில் அவன்தான் உட்கார்ந்தான், நான் உட்காரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். பாப்பா மாத்திரையை நீட்டிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறாள், விழுங்காமல் எங்கே போவது?

ஸ்கேன் மட்டும் கேட்காதே. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுகிறாய், அதனால் எழுதிவிடுகிறேன். அம்மாவும் சொன்னபடி போய்ப் படுத்தாள். உன் ஆஸ்பத்திரியிலேயே படுத்தாள். 'கல்லீரல் நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தே மாதம். அதற்குள் என் உள்ளங்கை அளவுக்குக் கட்டி. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில். ஆறு வரி. கடைசி வரி 'நார்மல்'. கீழே ஏதோ ஒரு டாக்டரின் கிறுக்கல்.

ஸ்கேனை டாக்டர் எடுப்பதில்லை, உன்னை மாதிரி ஆட்கள்தான் எடுப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு எடுத்தது யார்? நீ அங்கேயே வேலை செய்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு எழுதின அந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும். அடிக்க மாட்டேன், பயப்படாதே. கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எல்லோரும் சௌக்கியம் என்று படித்ததில் சந்தோஷம். பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

ஒன்றை உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். கல்லீரல் வலது பக்க விலா எலும்புக்குள் பதுங்கி உட்கார்ந்திருக்கும். அதன் மேல்பகுதி நுரையீரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஸ்கேன் கருவியின் ஒலி காற்றைத் தாண்டாது, எலும்பையும் தாண்டாது. அதனால் படுத்திருப்பவரை இடது பக்கம் திரும்பச் சொல்வோம். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்வோம். அப்போது கல்லீரல் கொஞ்சம் கீழே இறங்கும். அந்தச் சில வினாடிக்குள் பார்த்துவிட வேண்டும். ஒரு தடவையில் தெரியாது. நாலு, ஐந்து தடவை ஆகும். வயதானவர்களுக்கு மூச்சு நிற்காது. இருமல் வரும்.

எங்கள் பழைய படிவத்தில் இரண்டே கட்டம்தான். 'கட்டி உண்டு', 'கட்டி இல்லை'. சரியாகத் தெரியாமல் போனாலும் 'இல்லை'யில்தான் டிக் விழும். புதுப் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. 'சரியாகத் தெரியவில்லை'. எந்தப் பகுதி தெரியவில்லை என்றும் எழுத வேண்டும். அதில் டிக் விழுந்தால் ஒரு மாதத்துக்குள் அவரை மறுபடி கூப்பிட்டு வேறு மாதிரி படம் எடுத்தாக வேண்டும்.

நீ போகும்போது இதைக் கேள்: "மேல்பகுதி தெரிஞ்சுதா?" அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே ஆகுக. பாடம் நன்றாக நடத்தினாய். சின்ன வயதிலும் இப்படித்தான். கண்ணாடியை உடைத்தது யார் என்று அப்பா கேட்டால், கண்ணாடி எப்படிச் செய்கிறார்கள் என்று அவருக்கு விளக்குவாய்.

நான் கேட்டதற்குப் பதில் எங்கே? இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

நாம் இப்படிப் பேசி முடித்துக்கொள்ளலாம். அந்த ஆள் யார் என்று எழுது. எழுதின மறுநாள் நான் போய்ப் படுக்கிறேன். இடது பக்கம், வலது பக்கம், தலைகீழாகக்கூட. அதுவரைக்கும் அந்தக் கட்டிலில் ஏற மாட்டேன். அம்மாவை நினைத்துச் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவேடுகளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு தையற்காரர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றவே மறந்து வந்திருந்தார். நான் எடுத்தேன். மேல்பகுதி தெரியவில்லை என்று எழுதினேன். என்னோடு வேலை செய்கிறவளும் அதையே எழுதியிருந்தாள். மறுபடி கூப்பிட்டு வேறு படம் எடுத்ததில் கட்டி இருந்தது, பன்னிரண்டு மில்லிமீட்டர். ஊசியை உள்ளே விட்டுச் சூட்டில் பொசுக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். பழைய படிவமாக இருந்தால் அவரை 'இல்லை' என்று அனுப்பியிருப்போம்.

எந்த ஆள் எடுத்தால் என்ன, தம்பி. அம்மா திரும்பி வரப் போகிறாளா? உனக்கு ஒரு குழந்தை இருக்கிறது. போய்ப் படு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா? நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இவருக்குக் கல்லீரலைப் பற்றிய ஏதோ ஓர் எண் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். சீக்கிரம் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கம்பெனி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். துவைக்கும்போது என் கையில் கிடைத்தது. கேட்டால், "அக்கா எனக்கு ஒரு பதில் தரணும். அது வரட்டும்" என்கிறார்.

என்ன பதில் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. நேற்றுச் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்சும் யாரையோ காப்பாத்துறா." அண்ணி, நீங்கள் யாரைக் காப்பாற்றுகிறீர்களோ எனக்குத் தெரியாது. அந்த ஆளைவிட இவர் உங்களுக்கு முக்கியம் இல்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். பயத்தில் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மே 12

தம்பி,

உன் மனைவி எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே.

அன்றைக்கு அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தது நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பதிவேடு கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். நான் தேடவே இல்லை. தேடுவதற்கு என்ன இருக்கிறது.

சொந்தக்காரர்களை நாங்கள் எடுக்கக் கூடாது, அது எங்கள் அறையின் விதி. அம்மா அன்றைக்கு வேறொருத்தியிடம் படுக்க வேண்டியது. வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் பதினொரு பேர். கதவு திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் உள்ளே கூப்பிட்டு நானே எடுத்தேன்.

அவளுக்கு அந்த மாதம் முழுவதும் இருமல். ஞாபகம் இருக்கிறதா? மூச்சை அடக்கச் சொன்னேன், இருமினாள். இரண்டாவது தடவையும் இருமினாள். மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதும்டி, மூச்சு முட்டுது" என்றாள். கல்லீரலின் கீழ்ப்பாதி, நடுப்பகுதி, இடது பக்கம் எல்லாம் நன்றாகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மேல்பகுதி தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும், "இன்னும் ஒரே ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லியிருப்பேன். அப்போது தினமும் முப்பது பேரிடம் சொன்னேன். அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துவிட்டு, கான்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில், "உன் கை எவ்வளவு பதமா இருக்கு" என்று சொன்னாள்.

பிறகு வந்து 'நார்மல்' என்று எழுதினேன். தெரிந்ததெல்லாம் நார்மலாகத்தான் இருந்தது. கட்டி இருந்தது தெரியாத இடத்தில். நான் அனுப்பிய படங்களைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் எடுக்காத படத்தை அவர் எப்படிப் பார்க்க முடியும்?

நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. அம்மாவின் முகத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு எழுதினேன். அதுதான் தப்பு.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பழைய படிவத்தைக் கையில் எடுத்து, "தெரியலைன்னு எழுதுறதுக்கு இதுல இடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த மூன்றாவது கட்டம் அங்கிருந்துதான் வந்தது, படிவத்தில் ஏற நாலு வருஷம் ஆயிற்று. அவர் படிவத்தின்மேல் பழி போட்டு என்னை விட்டுவிட்டார். என்னால் அப்படி விட முடியவில்லை. இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கலாம்.

உன்னிடம் நாலு வருஷமாக மறைத்தேன். அம்மாவுக்கு அப்புறம் எனக்கு நீதான், நீயும் போய்விடுவாய் என்ற பயம். மறைத்ததால்தான் நீ ஸ்கேனுக்குப் போகாமல் இருக்கிறாய் என்று தெரிந்தும் மறைத்தேன். இதை நினைத்தால் என் முகத்தில் எனக்கே விழிக்கப் பிடிக்கவில்லை.

அந்த ஆள் யார் என்று எழுதிவிட்டேன். மறுநாளே படுப்பதாக எழுதியிருந்தாய், அம்மாவை நினைத்து. அதைச் செய். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. இவர் என்னைத் திட்டவில்லை. உங்கள் கடிதத்தை ஸ்பேனர் பெட்டியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார், தினமும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். ஸ்கேனுக்கு இன்னும் போகவில்லை. இன்றைக்காவது போங்கள் என்று காலையில் கேட்டேன். "போறேன். அக்காகிட்ட கோவமா இருக்கும்போது போக வேணாம்னு பார்க்கிறேன்" என்றார். அது எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் உன்மேல் எவ்வளவு கோபம் என்று எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னைத் தவிர யாராக இருந்தாலும் எளிதாக இருந்திருக்கும். முகம் தெரியாத ஒருவனை நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுக்கு வந்து, பாப்பாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் வருஷாந்திர சோதனை. லிஃப்ட்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதில் பெரிய ஸ்பிரிங் இருக்கும், கூண்டு அறுந்து விழுந்தால் தாங்குவதற்கு. அந்தக் குழிக்குள் இறங்கி ஸ்பிரிங்கைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் 'சரி' போட வேண்டும். குழியில் முழங்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர். போன வருஷமும் அப்படித்தான் இருந்தது. போன வருஷம் நான் என்ன செய்தேன் என்று அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'சரி' போட்டேன். என் கையெழுத்து அந்தத் தாளில் அப்படியே இருந்தது. ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டுக் குழந்தைகள் அதில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது.

இந்தத் தடவை இறங்கினேன். ஸ்பிரிங் துருவேறி, தொட்டால் உதிர்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனேன். ஒரு சின்னப் பெண். தங்கமான பெண், ரொம்ப மரியாதை. இரண்டு நிமிஷத்தில், "முடிஞ்சுது சார், நார்மல்தான்" என்று துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். நான் துடைக்கவில்லை. "மேல்பகுதி தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு வயிறு கொஞ்சம் உப்பிசமா இருக்கு சார்" என்றாள். "அப்போ தெரியலைன்னு எழுதும்மா" என்றேன். "அப்படி எழுத இடமில்லை சார்" என்றாள். ஓரத்தில் பேனாவால் எழுத வைத்தேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

இப்போது உங்கள் மூன்றாவது கட்டத்தில் இருப்பவன் நான். உன்னிடம் வருகிறேன். அந்த இன்னொருத்தியும் எடுக்கட்டும். ஆனால் நீயும் எடுக்க வேண்டும். விதி கிதி என்று எழுதாதே.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அந்தத் தாளும் கிடைத்தன. ஓரத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய டாக்டரிடம் கேட்டேன். முதலில் அவள் எடுப்பாள். அவள் எழுதியதை உறையில் போட்டு ஒட்டிய பிறகு நான் எடுக்கிறேன். முடிவு சொல்வது அவர். 19-ஆம் தேதி காலை எட்டு மணி. முதல் நாள் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் நீ என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன். கட்டியைப் பொசுக்க ஊசி விட்ட இடம் ஆறிவிட்டது. விலாவுக்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு, பாப்பா தினமும் எண்ணிப் பார்க்கிறாள், ஒன்றுதான் இருக்கிறது என்று. அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பதினான்கு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம்.

உனக்கு நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அவள் எடுத்து முடித்துப் போன பிறகு நீ வந்து அந்தச் சக்கரம் போன முக்காலியில் உட்கார்ந்தாய். மூச்சைப் பிடிக்கச் சொன்னாய். பிடித்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவது தடவை எனக்கு நிஜமாகவே முடியவில்லை. "போதும்க்கா" என்றேன்.

உன் கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தை நான் பார்த்தேன். என் பக்கமே திரும்பாமல், யாரோ ஒரு ஆளிடம் சொல்கிற குரலில், "இன்னும் ஒரு தடவை" என்றாய். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கக்கூட இல்லை. ஒன்பதாவது தடவைதான் அது திரையில் வந்தது. அவள் உறையில் இருந்ததும் அதே இடம், அதே அளவு என்று டாக்டர் பிரித்துக் காட்டினார்.

அந்த ஆளைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? "உன் அம்மாவாக இருந்தால் இப்படி எழுதியிருப்பாயா?" என்று கேட்க இருந்தேன். அதற்கு நீ மே மாதமே பதில் எழுதிவிட்டாய்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. பொய்யாக 'சரி' போட மாட்டேன், இந்த வருஷம் அதை விட்டுவிட்டேன். ஆனால் இனிமேல் உயிரோடு இருக்கும்வரை உன்னிடம்தான் வந்து படுப்பேன், அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அம்மாவின் ரிப்போர்ட்டை அந்தப் பிளாஸ்டிக் உறையோடு இத்துடன் அனுப்புகிறேன். இங்கே அலமாரியில் அதற்கு இனி வேலை இல்லை. ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது.

மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் எனக்கு ஒரு நேரம் குறித்து வை. வெறும் வயிற்றோடு வருகிறேன்.

தம்பி